அவள் எழுதாத வரிகள்

அந்த வரியை அவள் எழுதவில்லை.

கல்லூரி கேன்டீனில், ஆறிப்போன டீயின் வாசனைக்கும் ஈரத் துடைப்பத்தின் வாடைக்கும் நடுவே உட்கார்ந்து, யாராவது பின்னூட்டம் போட்டிருக்கிறார்களா என்று போனைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முகத்துக்குக் கற்றாழை பூசுவதைப் பற்றிப் போன வாரம் எழுதிய பதிவு. பூசி, இருபது நிமிடம் விட்டு, குளிர்ந்த நீரில் கழுவினால் போதும் என்று சொல்லி முடித்திருந்தாள். நன்றாக நினைவிருந்தது. முடித்ததற்கு அடியில், அதே எழுத்தில், அதே இடைவெளியில், இன்னொரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இடது காதின் பின்புறத்தை மறக்க வேண்டாம். அங்கேதான் முதலில் உரியத் தொடங்கும்."

வகுப்பில் அவளுக்குப் பெயர் வாலு. ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாதவள்; பாடம் நடக்கும்போதே பேனா உருளும், கால் ஆடும், கழுத்து ஜன்னல் பக்கம் திரும்பும். அந்தப் பரபரப்பெல்லாம் அடங்குகிற ஒரே இடம் அவளுடைய வலைப்பூ. 'வாலு எழுதுகிறாள்' என்று பெயர். மூன்று வருடம், இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். முகப்பருவுக்கு என்ன பூசலாம், வரைந்த புருவம் வியர்வையில் வழியாமல் இருக்க என்ன செய்யலாம், அருங்காட்சியகத்தில் பார்த்த மரமுகமூடிகள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அழுத பெண், முதல் தோல்வி, இரண்டாம் தோல்வி, எல்லாம் அதில் உண்டு. வாசகர்கள் மொத்தம் நாற்பது பேர் தேறினால் அதிகம். அதில் பாதி, அவள் நச்சரித்துப் படிக்க வைத்த சொந்த வகுப்புக்காரர்கள்.

"இது நான் எழுதினதில்ல" என்று போனை எதிரில் இருந்தவளிடம் நீட்டினாள்.

எதிரில் இருந்தவள் கண்ணாடி. தடித்த மூக்குக் கண்ணாடியால் வந்த பெயர், கம்ப்யூட்டர் பிரிவு. வாலுவுக்கு இருக்கும் ஒரே நெருங்கிய தோழி.

"உரியுமா? ஐயோ, என்னடி எழுதி வச்சிருக்கே! போன மாசம் நீ சொன்னேன்னு நானும் பூசினேன்டி!" என்று காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துச் சிரித்தாள் கண்ணாடி. "தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பே. அழிச்சுட்டு டீயைக் குடி."

வாலு அழித்தாள். டீயைக் குடிக்கவில்லை.

மறுநாள் அருங்காட்சியகப் பதிவில் ஒரு வரி முளைத்திருந்தது. அந்தப் பதிவுக்கு அவள் வைத்த தலைப்பு 'பண்பாடு என்பது என்ன?' பரிசு கிடைக்கும் என்று நினைத்து, கல்லூரி மலருக்காக மூச்சைப் பிடித்து எழுதிய கட்டுரை. அதன் கடைசியில் யாரோ அமைதியாகச் சேர்த்திருந்தார்கள்: "இங்கே இருப்பவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுகிறார்கள். தட்டினால் திறக்கிறார்கள். யார் என்று கேட்பது குறைவு."

அன்று மாலை முழுவதும் அவள் பழைய பதிவுகளைத் துழாவினாள். பஸ்ஸில், நடையில், தெருமுனைக் கடையில் ஷாம்பு பாக்கெட்டுக்கு நின்றபோதும் கூட. பல பதிவுகள் சுத்தமாக இருந்தன. சிலவற்றில் வரி இருந்தது. தலைமுடியைப் பற்றிய பதிவில்: "ஈரமாக இருக்கும்போது சீவினால் கையோடு வந்துவிடுகிறது. மீண்டும் வைக்க நேரமாகிறது." சிரிப்பதைப் பற்றி வேடிக்கையாக எழுதிய ஒன்றில்: "கண்களும் சேர்ந்து சிரிக்க வேண்டுமாம். பழகி வருகிறேன்."

போன வருடம், பரீட்சை நெருக்கடியில், 'எனக்குப் பதிலாக யாராவது ஒரு நாள் வாழ்ந்து பாருங்களேன்' என்று சலிப்பாக ஒரு பதிவு போட்டிருந்தாள். அதன் அடியில் அவள் அன்று கவனிக்காத ஒரே ஒரு பின்னூட்டம் இருந்தது. அவளுடைய கணக்கிலிருந்தே போடப்பட்டது. ஒரே சொல்.

"சரி."

புதன்கிழமை காலை கண்ணாடி அவளுடைய கணக்கைத் திறந்து, எங்கேயிருந்து யார் உள்ளே வந்தார்கள் என்று பார்த்தாள். கேலி பேசிக்கொண்டேதான் ஆரம்பித்தாள். நடுவில் திரையை நோக்கிக் குனிந்தாள்.

"பாஸ்வேர்டை யாரும் திருடலடி. எல்லாம் உன் லேப்டாப்புலருந்துதான். உங்க வீட்டுல இருக்கே, அந்தப் பழசு. எல்லாமே மத்தியானம். ரெண்டு, ரெண்டரை... நேத்து ரெண்டு பத்துக்கு."

"நேத்து ரெண்டு பத்துக்கு நான் உன் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"தெரியும்" என்றாள் கண்ணாடி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். "மத்தியானம் வீட்டுல யாரு இருப்பா? உங்க அக்கா மட்டும்தானே?"

அக்கா மட்டும்தான்.

அக்கா நர்ஸ். அந்த வாரம் இரவு டூட்டி. காலை எட்டு மணிக்குக் கிருமிநாசினி வாசனையோடு வீட்டுக்கு வருவாள். ஒன்பதுக்குப் படுத்தால் நாலு மணி வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். அப்பா அம்மா வேறு ஊரில். ஒரு வீட்டின் மாடியில் முன்னறை, படுக்கையறை, சமையலறை, குளியலறை என்று நாலு சதுரம். அதில் அவர்கள் இரண்டு பேர். வாலுவின் படிப்பு, பஸ், போன், பவுடர் எல்லாம் அக்காவின் சம்பளத்தில்தான் ஓடின. வலைப்பூவைப் பற்றி அக்காவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: "என்னைப் பத்தி ஒரு வரி எழுதினே, உன் போனை வாளித் தண்ணில போட்டுருவேன்." அந்தச் சட்டத்தை மட்டும் வாலு மீறியதில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளில் அக்கா ஒரு இடத்திலும் கிடையாது.

அன்று மாலை அக்கா சமையலறையில் ரொட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தாள். கருகிய ஓரத்தின் வாசனை முன்னறை வரை வந்தது. வாலு மேஜைக்கு முன்னால் நின்று பழைய லேப்டாப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"அக்கா, நீ இதைத் தொட்டியா?"

"எனக்கு வேற வேலையில்லையா? நீதான் மத்தியானம் பூரா டக்கு டக்குன்னு தட்டிட்டு இருந்தே." அக்கா திரும்பாமலே பேசினாள். "ஆனா இப்பல்லாம் நல்ல பொண்ணாயிட்டடி. முன்னெல்லாம் வீட்டுக்குள்ள வந்தா ஊரையே கூட்டுவே. இப்ப வர்றதும் தெரியல, போறதும் தெரியல."

"மத்தியானம் நான் காலேஜ்ல இருந்தேன்க்கா."

"ஆமா, போ. கண்ணை முழிச்சா உன் முதுகு தெரியுது. முந்தாநாள் என்னடான்னா கட்டில் பக்கத்துல நின்னுட்டு, 'அக்கா, நீ உறங்கிக்கொள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்'ங்கறே." அக்கா தோள் குலுங்கச் சிரித்தாள். "எழுதி எழுதிப் பேச்சே புத்தகம் மாதிரி ஆயிடுச்சு உனக்கு. உறங்கிக்கொள்ளாம்!"

ரொட்டி கருகியது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

வாலு எல்லாவற்றையும் சொன்னாள். போனைக் காட்டினாள். அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படிக்கப் படிக்க முகத்தில் வந்தது பயமல்ல, கவலை. நோயாளியின் நாடியைப் பார்ப்பது போல வாலுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ சரியா தூங்கறியா? சாப்பிடறியா?" என்றாள். "சனிக்கிழமையோட எனக்கு நைட் முடியுது. ஞாயித்துக்கிழமை ஒரு டாக்டரைப் பார்ப்போம். ஒண்ணுமில்லடி. காலேஜ் படிக்கிற வயசுல இதெல்லாம் வரும்."

வியாழக்கிழமை வாலு கல்லூரிக்குப் போகவில்லை.

அக்கா படுக்கையறையில் தூங்கினாள். வாலு முன்னறையில் கதவைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் திரை வழியாக வெயில் ஒரு பட்டையாகத் தரையில் விழுந்து, மணிக்கொரு சாண் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் தூசி சுற்றியது. கீழ் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவி ஓய்ந்தார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணி, பிறகு அதுவும் இல்லை. மத்தியானத்துக்கு இப்படி ஒரு அமைதி இருப்பது அவளுக்குத் தெரியாது. ராத்திரியிலாவது நாய் குரைக்கும், பூச்சி கத்தும். இதில் எதுவுமே இல்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் காட்டிக்கொண்டு, ஆனால் எதையும் சொல்லாமல். அவள் காலாட்டினாள். நிறுத்தினாள். மறுபடி ஆட்டினாள். அக்காவின் மூச்சு உள்ளேயிருந்து சீராக வந்தது.

இரண்டு பத்து.

கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. மரியாதையாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சம இடைவெளி விட்டு.

வாலு அசையவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

மறுபடி மூன்று.

"யாருன்னு பாருடி..." என்று உள்ளேயிருந்து அக்கா தூக்கத்தில் முனகினாள்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது. மெதுவான, ஈரமான குரல். வாலுவின் குரல்.

"யாருன்னு... பாருடி."

பதில் அல்ல அது. சொல்லிப் பார்த்தது. பிறகு இன்னொரு முறை, அக்காவைப் போலவே கடைசி எழுத்தை இழுத்து, "பாருடீ..." என்றது. அதற்கப்புறம் படிகளில் வெறுங்கால் இறங்கும் சத்தம். வாலுவுக்குக் கதவின் துளை வழியாகப் பார்க்கத் தைரியம் வந்தபோது, படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு பச்சைச் சட்டையின் முதுகு மறைந்துகொண்டிருந்தது. காலையில் அவளே துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்ட சட்டை. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்காவை உலுக்கி எழுப்பிச் சொன்னபோது, "துணித் திருட்டா? கீழ வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லணும்" என்று புரண்டு படுத்தாள்.

அன்று இரவு அக்கா டூட்டிக்குக் கிளம்பியதும் வாலு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியின் வீட்டுக்குப் போனாள். இருவரும் சேர்ந்து வலைப்பூவை அழித்தார்கள். நிஜமாக அழிக்கவா என்று அது இரண்டு முறை கேட்டது. மூன்று வருடம். விரல் பொத்தான் மேலேயே நின்றது. கண்ணாடிதான் அமுக்கினாள். வாலு அழுதாள், யாரோ செத்துப்போன மாதிரி, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அழுது முடித்ததும் நாலு நாட்களில் முதல் முறையாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குச் செய்முறைத் தேர்வு. தவறவிட்டால் வருடமே போகும். காலையில் அக்காவுக்கு போன் செய்து, கதவை யாருக்கும் திறக்காதே என்று பத்து முறை சொன்னாள். "சரிடி அம்மா, சரி, தூங்க விடு" என்றாள் அக்கா. லேப்டாப் கண்ணாடியின் பீரோவுக்குள் பூட்டில் இருந்தது. வலைப்பூ இல்லை. இனி அதற்கு உட்கார இடமில்லை, எழுத இடமில்லை என்று வாலு தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது மணி இரண்டு. வராந்தாவில் கண்ணாடி நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. போனை நீட்டினாள்.

'வாலு எழுதுகிறாள்' திறந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது. பத்து நிமிடத்துக்கு முந்தினது.

தலைப்பு: 'அக்கா.'

நீளமான பதிவு. அக்காவின் உயரம் இருந்தது. அவள் எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவாள், எழுந்ததும் எந்தக் காலை முதலில் ஊன்றுவாள், குதிகால் வெடிப்பு எத்தனை, கழுத்து மச்சம் எங்கே, சிரிக்கும்போது எந்தத் தோள் முதலில் குலுங்கும், எல்லாம் இருந்தது. கடைசி வரி: "தங்கை கடினமாக இருந்தாள். ஒரு இடத்தில் நிற்பதில்லை. அக்கா எளிது. அக்கா அசையாமல் படுத்திருக்கிறாள்."

அவள் ஓடினாள். கண்ணாடி பின்னால் கத்தியது கேட்டது. பஸ். கம்பியைப் பிடித்த கை வழுக்கியது. அக்காவின் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. மறுபடி. சிக்னலில் பஸ் நின்றது. இறங்கி ஓடினாள். செருப்பு அறுந்தது. விட்டாள். தார் சுட்டது. யார் மேலோ இடித்தாள். தெருமுனைக் கடை. கேட்.

கீழ் வீட்டுக்காரம்மா வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். "என்னம்மா, இப்பதானே மேல போனே? எப்ப இறங்கினே?"

படிகள். ஒவ்வொன்றிலும் ஈரக் கால்தடம். மேலே போகும் தடம் மட்டும்தான். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

முன்னறையில் யாரும் இல்லை. தரையில் அவளுடைய பச்சைச் சட்டை கிடந்தது, கழற்றி எறிந்தது போல. அதற்கடியில் வேறு ஏதோ மெல்லியது இருந்தது, தோசைமாவு காய்ந்த ஏடு போல, சுருண்டு. அவள் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவுமில்லை. சமையலறை, யாருமில்லை. குளியலறைக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. படுக்கையறை.

அக்கா கட்டிலில் இருந்தாள்.

ஒருக்களித்து. போர்வையோடு. கிருமிநாசினி வாசனை. கழுத்தில் மச்சம். மூச்சு, சீராக.

வாலு கட்டில் அருகே போனாள். "அக்கா" என்றாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, எந்திரி. இப்பவே கீழ போகணும். எதுவும் கேக்காதே, வா."

அக்கா கண்ணைத் திறந்தாள். அவளையே பார்த்தாள்.

"ம்" என்றாள்.

போர்வையை விலக்கி எழுந்தாள். வலது காலை முதலில் ஊன்றினாள். வாலு அவள் கையைப் பற்றிக்கொண்டாள். கொஞ்சம் ஈரமாக இருந்தது, தூக்கத்து வியர்வை. இழுத்துக்கொண்டு முன்னறையைக் கடந்தாள், கதவைக் கடந்தாள், வெயில் விழும் படிக்கட்டில் இறங்கினாள். உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. போதும். கண்ணாடி வீட்டுக்குப் போய்விடலாம். அம்மாவைக் கூப்பிடலாம். இந்த வீடே வேண்டாம். ஒரு படி, இரண்டு படி, மூன்று.

நாலாவது படியில் அக்கா பேசினாள்.

"என்னை எங்கே அழைத்துச் செல்கிறாய்?"

வாலு நின்றாள்.

திரும்பவில்லை. வெயில் அவள் பாதத்தில் விழுந்திருந்தது. கீழே வீட்டுக்காரம்மா வாளியை நகர்த்தும் சத்தம். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

மேலே, வீட்டுக்குள்ளிருந்து, தட்டும் சத்தம் வந்தது. மரியாதையாக அல்ல. சம இடைவெளியில் அல்ல. உள்ளங்கையால், தாறுமாறாக. அதோடு தூக்கத்தில் கரகரத்த ஒரு குரல்.

"ஏய் வாலு! எவடி வெளிய தாழ்ப்பாள் போட்டது? போன் வேற அடிச்சுட்டே இருக்கு. வாலு! தொறடி!"

அவள் கைக்குள் இருந்த கை மெதுவாக இறுகியது. கட்டைவிரல் அவளுடைய மணிக்கட்டைத் தேடி, நாடியின் மேல் வந்து படிந்தது. பின்னால், காதுக்கு மிக அருகில், தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஓசை. பிறகு, வகுப்பில் தப்பாகச் சொன்ன விடையைத் திருத்திச் சொல்லும் பிள்ளையைப் போல, பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாக:

"என்னை... எங்கடி... கூட்டிட்டுப் போறே?"

சரியாக இருந்தது. அக்காவேதான்.

மேலே கதவை அடிக்கும் சத்தம் நிற்கவில்லை. அவள் கையைப் பிடித்திருந்த கை, அவளை முந்திக்கொண்டு, ஒரு படி கீழே இறங்கியது.